ஒன்பது கல்லிலிருந்து இரண்டு கல் வரை

2011-ஆம் ஆண்டு அக்டோபரில், டோக்கியோவின் தக்காதனோபாபா நிலையத்துக்கு அருகே ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இயங்கிவந்த, ‘கோ’ என்ற பலகை விளையாட்டுக்கான மன்றத்துக்குள் முதன்முறையாக நுழைந்தபோது எனக்கு 34 வயது. ஜப்பானியர் ‘கோகைஷோ’ என்று அழைக்கும் அத்தகைய மன்றங்களில், நாள் கட்டணத்தைச் செலுத்திவிட்டால் மாலை வரை எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம். யாருடன் யார் ஆடுவது என்பதை மன்றத்தை நடத்துபவரே தரம் பார்த்து முடிவு செய்வார். அங்கிருந்த அம்மையார் என் தரத்தைக் கேட்டார். இணையத்தில் சில மாதங்கள் ஆடிப் பழகியிருந்த நம்பிக்கையில், ‘பத்து க்யூ இருக்கும்’ என்றேன். க்யூ என்பது கற்பவர்களுக்கான தரம்; அதற்கு மேல் தேர்ந்தவர்களுக்கு டான். அவர் சற்று யோசித்துவிட்டு, ஜன்னலோரம் தனியாக அமர்ந்து நாளிதழில் வந்திருந்த ஓர் ஆட்டத்தைப் பலகையில் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் என்னை அழைத்துச் சென்றார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர், மன்றத்தின் கணக்கில் 7 டான்.

எனக்கு 9 கல் முன்கூட்டித் தருவது என்று முடிவாயிற்று. ஆட்டம் தொடங்கும் முன்பே என்னுடைய ஒன்பது கறுப்புக் கற்கள் பலகையின் ஒன்பது நட்சத்திரப் புள்ளிகளிலும் அமர்ந்துவிட்டன. நான்கு மூலைகளும், நான்கு பக்கங்களின் நடுவிடங்களும், பலகையின் மையமும் என் வசம் இருந்தன. பெரியவர் வெள்ளைக் கல்லை ஆள்காட்டி விரலின் நகத்துக்கும் நடுவிரலின் நுனிக்கும் இடையே பிடித்து, ஓசை அதிகம் எழாமல் வைத்தார். ஒவ்வொரு கல்லையும் வைத்த பிறகு கையை மடிக்குக் கொண்டுபோய்விட்டார். ஒரு மணி நேரத்துக்குள் என்னுடைய மூன்று கற்கூட்டங்கள் இறந்துவிட்டன, அதாவது மீள வழியின்றிச் சூழப்பட்டுவிட்டன. புள்ளிகளை எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அதன்பின் கற்களையெல்லாம் கிண்ணங்களில் திரும்பப் போட்டுவிட்டு, அதே ஆட்டத்தை முதலிலிருந்து தம் நினைவைக் கொண்டே மறுபடி அடுக்கத் தொடங்கினார். நாற்பதாவது கல்லை ஒட்டிய ஓரிடத்தில் அவர் கை நின்றது. ‘இதை ஏன் இங்கே வைத்தீர்கள்?’ என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் அடுத்த கல்லுக்குப் போகாமல், நான் ஏதாவது சொல்வேன் என்று உண்மையாகவே காத்திருந்தார்.

அதே பெரியவருடன் இன்று நான் 2 கல் வைத்துக்கொண்டு ஆடுகிறேன். மன்றத்தின் கணக்கில் 10 க்யூவிலிருந்து 5 டானுக்கு, அதாவது 14 படிகள் ஏறி வந்திருக்கிறேன். மன்றத்தின் தரக்கணக்கு தாராளமானது என்பதால், இணையத் தளங்களில் என் தரம் 2 டானைச் சுற்றித்தான் நிற்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டு, குடும்பம் நடத்திக்கொண்டு, முப்பது வயதுக்கு மேல் இந்த விளையாட்டைத் தொடங்கும் ஒருவரால் எவ்வளவு தூரம் முன்னேற முடியும் என்ற கேள்விக்கு இந்த 14 ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த விடைகளை, கோ பழகத் தொடங்கியிருக்கும் தமிழ் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

ஆட்டத்தையே அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக ஒன்று. சீனாவில் வெய்ச்சி என்றும், கொரியாவில் பாடுக் என்றும், ஜப்பானில் இகோ என்றும் அழைக்கப்படும் இவ்விளையாட்டில் 19 நெடுக்குக் கோடுகளும் 19 குறுக்குக் கோடுகளும் சந்திக்கும் 361 புள்ளிகள் உள்ளன. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கல் வைத்து, யார் அதிக இடத்தை வளைப்பது என்று போட்டியிடுகிறார்கள். ஒரு கல்லை ஒட்டியிருக்கும் காலிப் புள்ளிகளைச் சீனர்கள் ‘சீ’, அதாவது மூச்சு, என்கிறார்கள். எல்லா மூச்சும் அடைபட்ட கல் பலகையிலிருந்து எடுக்கப்படும். ஆடு புலி ஆட்டத்தில் புலியை நகரவிடாமல் ஆடுகள் சூழ்ந்துகொள்வதைச் சிறுவயதில் பார்த்திருந்ததால், எனக்கு இந்த விதி முதல் நாளே புரிந்துவிட்டது. ஒரு கற்கூட்டத்துக்குள் தனித்தனியாக இரண்டு காலியிடங்கள் இருந்தால் அவை ‘கண்கள்’. இரண்டு கண் உள்ள கூட்டத்தை யாராலும் கொல்ல முடியாது. விதிகள் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

முன்னேற்றத்தை அளக்க இந்த விளையாட்டுக்குள்ளேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. தொடக்க நிலையில் 30 க்யூ என்று தொடங்கி 1 க்யூ வரை இறங்கி, அங்கிருந்து 1 டான், 2 டான் என்று ஏறும் தரவரிசையில், பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களுக்கு இடையே ஒரு தர வித்தியாசம் என்பது ஒரு கல்லுக்குச் சமம். ஒரு கல் என்றால் எவ்வளவு என்பதையும் தோராயமாகக் கணக்கிடலாம். முதலில் ஆடும் கறுப்புக்குக் கிடைக்கும் நன்மையை ஈடுகட்ட, ஜப்பானில் வெள்ளைக்கு ஆறரைப் புள்ளிகளைக் ‘கோமி’ என்ற பெயரில் தருகிறார்கள்; முதலில் ஆடுவதன் பயன் ஒரு கல்லின் மதிப்பில் பாதி என்பதால், முழுக் கல்லின் மதிப்பு சுமார் 13 புள்ளிகள். ஓர் ஆட்டத்தில் 250 கற்கள் வைக்கப்படுவதாகக் கொண்டால், அவற்றில் 125 என் கையால் வைக்கப்படுபவை. அந்த 125 கற்களிலும் சேர்த்து, இப்போது இழப்பதைவிட 13 புள்ளிகள் குறைவாக இழந்தால், நான் ஒரு தரம் உயர்ந்துவிடுவேன். இந்தக் கணக்கை நான் சற்றுத் தாமதமாகத்தான் போட்டுப் பார்த்தேன். போட்ட பிறகு என் பயிற்சி முறை முழுவதும் மாறிப்போனது.

அதைச் சொல்வதற்கு முன், உச்சவரம்பு எது என்பதைப் பேசிவிட வேண்டும், ஏனெனில் புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். வயது வந்த பிறகு தொடங்குபவருக்குத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் உலகம் மூடிய கதவு என்றே நான் கருதுகிறேன். சோ சிக்குன் 6 வயதில் கொரியாவிலிருந்து ஜப்பானுக்கு வந்து, 1968-இல் 11 வயதில் தொழில்முறை ஆட்டக்காரரானார். நக்கமுரா சுமிரே 2019-இல் 10 வயதில் அந்த நிலையை அடைந்தார். இதற்கு மாற்றாக என்னிடம் பலரும் சொல்வது சக்காய் ஹிதேயுக்கியின் கதையை. மருத்துவரான அவர் 2000-ஆம் ஆண்டில் உலக அமெச்சூர் கோ சாம்பியனாகி, மறு ஆண்டு கன்சாய் கி-இன் என்ற தொழில்முறை அமைப்பில் நேரடியாக 5 டானாகச் சேர்ந்து, 2010-இல் சோ உ என்ற முன்னணி ஆட்டக்காரரை வென்று கோசேய் என்ற முக்கியப் பட்டத்தையும் பெற்று, 2019-இல் மருத்துவத்துக்கே திரும்பிச் சென்றார். வியக்கத்தக்க வாழ்க்கை அது. ஆனால் அவர் சிறுவயதிலேயே வலுவான ஆட்டக்காரராக வளர்ந்தவர். தொழிலாக எடுத்துக்கொண்டதுதான் தாமதமே தவிர, கற்றது தாமதமாக அல்ல. அலுவலகம் முடிந்து வந்து கற்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அவரை எடுத்துக்காட்டாகச் சொல்வது, கேட்பவருக்கு நியாயம் செய்வதாகாது.

என் முதல் இரண்டு ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. வாரத்துக்கு மூன்று நான்கு ஆட்டங்கள் ஆடினேன்; ஆடிய அளவுக்கு முன்னேறினேன். தோற்ற ஆட்டங்களுக்காக வருந்த வேண்டாம், முதல் நூறு தோல்விகளை விரைவாகக் கடந்துவிடு என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வது அந்த நிலைக்கு முற்றிலும் பொருந்தும். 2013-இன் இறுதியில் மன்றத்தில் 2 க்யூ என்ற பலகையில் என் பெயர் தொங்கியது. அடுத்த ஆண்டு முழுவதும் அது அங்கேயே தொங்கியது. அதற்கடுத்த ஆண்டின் பெரும்பகுதியும் அப்படியே கழிந்தது.

அந்தத் தேக்கத்தின்போது நான் செய்தது, ஏறக்குறைய எல்லாரும் செய்வதுதான். மூலைகளில் இரு தரப்பும் வைக்க வேண்டிய கற்களின் நிலைபெற்ற வரிசைகளை, ‘ஜோசெக்கி’ எனப்படுபவற்றை, மனப்பாடம் செய்தேன். மனப்பாடம் செய்து பழகிய கல்வி முறையில் வளர்ந்த எனக்கு அது இயல்பாகவும் எளிதாகவும் இருந்தது. ஒரு மாதத்தில் பல டஜன் வரிசைகள் விரல் நுனிக்கு வந்துவிட்டன. ‘ஜோசெக்கி கற்று இரண்டு கல் பலவீனமானான்’ என்று ஜப்பானில் ஒரு பழைய வரி உண்டு. அது என் விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து பலித்தது. மூலையில் நான் வைத்த பத்துக் கற்களும் சரியாக இருக்கும். பதினோராவது கல்லை எதிராளி வரிசைக்கு மாறாக வைத்தவுடன், அந்த வரிசையில் ஒவ்வொரு கல்லும் எதற்காக இருக்கிறது என்பது தெரியாததால், நான் தடுமாறுவேன். மூலைக்கு அப்பால் பலகையில் எந்தப் பக்கம் யாருடைய கற்கள் வலுவாக நிற்கின்றன என்பதைப் பாராமல், மனப்பாடமான வரிசையை முடிப்பதிலேயே கவனமாக இருந்ததால், சரியான வரிசையைத் தவறான பக்கம் நோக்கி ஆடிய ஆட்டங்களும் பல.

பெரியவரிடம் ஒரு நாள் என் தேக்கத்தைப் பற்றிப் பேசினேன். எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம் என்று கேட்டேன். அவர் புத்தகத்தின் பெயர் எதையும் சொல்லாமல், ‘கடைசியாகத் தோற்ற ஆட்டத்தில் நீங்கள் எங்கே தோற்றீர்கள்?’ என்று கேட்டார். தொடக்கத்தில் திசை தவறிவிட்டேன் என்றேன். அந்த ஆட்டத்தை அடுக்கிக் காட்டச் சொன்னார். எழுபது கற்கள் வரை அடுக்கினேன். அதற்கு மேல் நினைவில்லை. ‘அப்படியானால் எழுபதுக்குப் பிறகு வைத்த கற்களைக் காரணம் இல்லாமல் வைத்திருக்கிறீர்கள்; காரணத்தோடு வைத்த கல் மறக்காது’ என்றார். அன்று முதல் ஒவ்வோர் ஆட்டத்தையும் முடித்தவுடன் நினைவிலிருந்து அடுக்கிப் பார்க்கப் பழகினேன். நினைவு தடுமாறும் இடமும் என் ஆட்டம் தடுமாறிய இடமும் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றாகவே இருந்தன. தேர்ச்சியை அளக்க இதைவிட எளிய, செலவில்லாத கருவியை நான் இன்றுவரை காணவில்லை.

அத்துடன் ஒரு குறிப்பேட்டையும் தொடங்கினேன். தோற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரே ஒரு வரி: எந்தக் கல்லில் ஆட்டம் கைவிட்டுப் போனது, ஏன். 60 தோல்விகள் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை வகைப்படுத்திப் பார்த்தேன். தொடக்கத்தின் திசைப் பிழைகளால் தோற்றவை என்று நேர்மையாகச் சொல்லக்கூடியவை ஆறோ ஏழோதான். 40-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில், உயிருடன் இருப்பதாக நான் நம்பிய என் கூட்டம் இறந்திருந்தது, அல்லது கொல்லக்கூடிய எதிராளியின் கூட்டத்தைக் கொல்லாமல் விட்டிருந்தேன். மேலே சொன்ன 13 புள்ளிக் கணக்கை அன்றுதான் போட்டேன். ஒரு நடுத்தரக் கூட்டம் இறந்தால் இழப்பு முப்பது நாற்பது புள்ளிகள். ஆட்டத்துக்கு ஒரு முறை அதைத் தவிர்த்தாலே இரண்டு தரம் உயர்ந்துவிடலாம். நானோ இரண்டு புள்ளி பெறுமான ஜோசெக்கி நுணுக்கங்களைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

இதில் நுட்பமான விஷயம், அந்த 40 இடங்களிலும் விடை எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் என்பது. ஓர் ஆட்டத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். சூழப்பட்ட ஒரு கூட்டத்தின் உள்ளே மூன்று காலிப் புள்ளிகள் ஒரே வரிசையில் இருந்தால், நடுப்புள்ளியில் யார் முதலில் வைக்கிறார்களோ அவர்களுக்கே அந்தக் கூட்டத்தின் விதி சொந்தம்: உடையவர் வைத்தால் இரண்டு கண், எதிராளி வைத்தால் சாவு. நான்கு புள்ளிகள் வரிசையாக இருந்தால் எதிராளி எங்கே வைத்தாலும் கூட்டம் பிழைத்துக்கொள்ளும். அதே நான்கு புள்ளிகள் சதுரமாக இருந்தால், உடையவரே முதலில் வைத்தாலும் பிழைக்காது. கோ கற்கத் தொடங்கும் எவருக்கும் இது முதல் மாதப் பாடம். 2015 பிப்ரவரியில் ஓர் ஆட்டத்தில் பதினொரு கற்கள் கொண்ட என் கூட்டத்துக்குள் சதுரமாக நான்கு புள்ளிகள் இருந்தன. எதிர் மூலையில் ஒரு சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்ததால், ‘அங்கே நான்கு புள்ளிகள் இருக்கின்றன, ஆபத்தில்லை’ என்ற எண்ணம் மட்டும் மனதின் ஓரத்தில் இருந்தது. அவை எந்த வடிவில் இருக்கின்றன என்பதைக் கண் பார்க்கவில்லை. பதினொரு கற்களும் போயின. விடை தெரிந்திருப்பதும் வேண்டிய நொடியில் அது கண்ணில் படுவதும் வெவ்வேறு திறன்கள் என்பதையும், தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு இரண்டாவதில்தான் குறை என்பதையும் அந்தப் பதினொரு கற்கள் எனக்குக் காட்டிக்கொடுத்தன.

எனவே வாழ்வா சாவா புதிர்களுக்கு, ஜப்பானியர் ‘ட்சுமேகோ’ என்று சொல்பவற்றுக்கு, திரும்பினேன். இம்முறை கடினமானவற்றை ஒதுக்கிவிட்டு, அரை நிமிடத்தில் தீர்க்கக்கூடிய எளிய புதிர்களாக ஏறக்குறைய இருநூறைத் தேர்ந்தெடுத்து, அவற்றையே திரும்பத் திரும்பச் செய்தேன். நான் குடியிருப்பது நிஷி-கசாயில், அலுவலகம் ஓத்தேமாச்சியில். தோசாய் ரயில் பாதையில் காலை நேர நெரிசல் எப்படி இருக்கும் என்பதை அங்கே பயணிக்கும் நம்மவர்கள் நன்றாக அறிவார்கள். கை அசைக்க இடமில்லாத அந்தக் கால் மணி நேரத்தில், பிளாட்பாரத்திலேயே செல்பேசியில் ஒரு புதிரைப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு, கண்ணை மூடியபடி கடைசிக் கல் வரை ஓட்டிப் பார்ப்பேன். முடிவுவரை பார்த்துவிட்டேன் என்று உறுதியாகத் தோன்றும்வரை விடையைத் திறப்பதில்லை என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட ஒரே கட்டுப்பாடு. முதல் கல் சரியாக இருந்துவிட்டதாலேயே புதிரைத் தீர்த்துவிட்டதாக எண்ணிக்கொள்வது பெரும் பிழை. எதிராளியின் மிக வலுவான மறுப்பைத் தானே தேடிக் கண்டுபிடிக்காதவரை ‘யோமி’, அதாவது வாசிப்பு, நடக்கவே இல்லை. நான்கு மாதங்களில், ஆட்டத்தின் நடுவே அந்த வடிவங்கள் தாமாகவே கண்ணில் படத் தொடங்கின. 2015 டிசம்பரில் 1 டான் ஆனேன்.

அதற்கு அடுத்த ஆண்டு கோ உலகமே மாறியது. 2016 மார்ச்சில் சியோலில் நடந்த ஐந்து ஆட்டங்களில் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல், கொரியாவின் முன்னணி ஆட்டக்காரரான லீ செடோலை 4-1 என்று வென்றது. மன்றத்தில் அந்த நாள்களில் யாரும் ஆடவில்லை. எல்லாரும் ஒரே திரையைச் சுற்றி நின்றோம். இரண்டாம் ஆட்டத்தில் நிரல் வைத்த 37-ஆவது கல்லைக் கண்டு பெரியவர் தவறு என்றார். லீ செடோல் வென்ற நான்காம் ஆட்டத்தில் அவர் 78-ஆவது கல்லை வைத்தபோது பெரியவர் எழுந்து நின்றார். ஓரிரு ஆண்டுகளுக்குள் அத்தகைய நிரல்கள் நம் வீட்டுக் கணினிக்கே வந்துவிட்டன. 2019-இல் வெளியான கட்டாகோ இன்று யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடியது. இத்தகைய ஆசிரியர் வீட்டில் இருந்தால் எல்லாரும் விரைவாக முன்னேறிவிடலாம் என்று நானும் நம்பினேன். ஆனால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதனால் எனக்கு ஒரு பயனும் விளையவில்லை.

காரணத்தைப் பின்னர் புரிந்துகொண்டேன். ஆட்டத்தை நிரலிடம் கொடுத்ததும் அது ஒவ்வொரு கல்லுக்கும் இழப்பைப் புள்ளிக் கணக்கில் காட்டிவிடும். நான் தலையாட்டிக்கொண்டே படித்துச் செல்வேன். விடையை முதலில் பார்த்துவிட்டுப் புதிரைப் பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இப்போது நான் செய்வது வேறு. ஆட்டம் முடிந்ததும் முதலில் நினைவிலிருந்து அடுக்கி, நான் மிக அதிகம் இழந்ததாகக் கருதும் மூன்று இடங்களையும், அங்கே வைத்திருக்க வேண்டியது என்று நான் நினைக்கும் கற்களையும் குறிப்பேட்டில் எழுதிய பிறகே நிரலைத் திறக்கிறேன். அது காட்டும் மிகப் பெரிய மூன்று இழப்புகளை மட்டும் என் பட்டியலோடு ஒப்பிடுகிறேன். ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசங்களைப் பார்ப்பதே இல்லை, ஏனெனில் நிரல் ஒரு புள்ளி மேலானது என்று சொல்லும் கல்லுக்குப் பின்னால் இருபது கற்கள் ஆழமுள்ள வாசிப்பு இருக்கும். அந்த வாசிப்பு இல்லாத என் கையில் அதே கல் பத்துப் புள்ளி இழப்பாக மாறிவிடும். என் பட்டியலும் நிரலின் பட்டியலும் ஒத்துப்போகும் இடங்களில் எனக்கு வேண்டியது கவனம். ஒத்துப்போகாத இடங்களில் வேண்டியது அறிவு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியதே நிரல் எனக்குச் செய்த பேருதவி.

நிரலை வெல்வது பற்றியும் கேட்கிறார்கள். கட்டாகோவை அடிப்படையாகக் கொண்ட ஒரு நிரலை, கெலின் பெல்ரின் என்ற அமெரிக்க அமெச்சூர் 2023-இல் 15 ஆட்டங்களில் 14-இல் வென்றது உண்மைதான். வளையமாக அமைந்த தன் கூட்டம் சூழப்படுவதை நிரல் கவனிக்கத் தவறும் ஒரு குறையை வேறொரு நிரல் கண்டுபிடித்திருந்தது. அவர் அதைக் கற்றுக்கொண்டு பயன்படுத்தினார். பாராட்டத்தக்க ஆராய்ச்சி அது, ஆனால் மனிதர்களோடு ஆடும் ஆட்டத்துக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2017 முழுவதும் இணையத்தில் கல்லுக்குப் பத்து நொடி என்ற வேகத்தில் இரவுதோறும் ஆடினேன். அந்த ஓராண்டில் ஆயிரம் ஆட்டங்களைத் தாண்டியிருப்பேன். தரம் உயரவில்லை என்பதைவிட, நிதானமான ஆட்டங்களிலும் முதலில் தோன்றும் கல்லையே வைத்துவிடும் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. மன்றத்தில் பெரியவர் அதை மூன்றாம் கல்லிலேயே கண்டுகொண்டார். தம்முடைய கையை மடியில் வைத்துக் காட்டினார். முதல் நாள் நான் பார்த்த அந்தக் கை மடிக்குப் போவதன் பொருள் அப்போதுதான் விளங்கியது: கல் கிண்ணத்துக்கு அருகே கை இருந்தால், மனம் முடிவு செய்வதற்கு முன்பே விரல் கல்லை எடுத்துவிடும். முடிவு செய்த பின்னரே கிண்ணத்துக்குள் கையை விடுவது என்ற இந்தச் சிறு ஒழுங்கை மீட்டெடுக்க எனக்கு ஆறு மாதங்கள் ஆயின. விரைவு ஆட்டத்தை அறவே தவிர்க்க வேண்டும் என்று சொல்லமாட்டேன், ஆனால் வாரத்துக்கு இரண்டு நிதானமான ஆட்டங்களும் அவற்றை அலசுவதும் இல்லாமல் அதை மட்டும் ஆடுபவர், இருக்கும் பிழைகளை நாள்தோறும் உறுதிப்படுத்திக்கொண்டிருக்கிறார்.

வயது வந்த பிறகு தொடங்கியவர்களுக்கு மிகக் குறைந்த உழைப்பில் ஒரு முழுத் தரத்தை ஈட்டித் தருவது, என் அனுபவத்தில், கடைசிக்கட்ட ஆட்டமும் எண்ணிக்கையும். சிறுவர்களின் வாசிப்பு வேகத்தோடு நாம் போட்டியிட முடியாது. ஆனால் கணக்குப் போடுவதில் நமக்கு எந்தக் குறையும் இல்லை. நூறாவது கல்லை ஒட்டி ஒரு முறையும் நூற்றைம்பதை ஒட்டி ஒரு முறையும் இரு தரப்பு இடங்களையும் எண்ணிப் பார்க்கப் பழகினேன். முன்னணியில் இருக்கிறேன் என்று தெரிந்தால் தேவையற்ற சண்டையில் இறங்குவதில்லை. பின்தங்கியிருக்கிறேன் என்று தெரிந்தால், தோல்வி உறுதியாவதற்கு முன்பே, இன்னும் இடம் இருக்கும்போதே, துணிகிறேன். எதிராளி பதில் வைத்தே தீர வேண்டிய கல்லைச் ‘செந்தே’ என்பார்கள். அத்தகைய கற்களை எதிராளி எடுப்பதற்கு முன் நாம் எடுத்துவிடுவதா, பெரிய ஆனால் பதில் தேவைப்படாத இடத்துக்கு முதலில் போவதா என்ற கேள்விக்கு ஊகம் போதாது, எண்ண வேண்டும். அதேபோல், தம்மைவிட வலியவர்களிடம் கல் வாங்கி ஆடுவதோடு நின்றுவிடாமல், தொடக்க நிலையில் உள்ளவர்களுக்குக் கல் கொடுத்து வெள்ளையாகவும் ஆட வேண்டும். கல் வாங்கியே ஆடுபவருக்கு இருப்பதைக் காத்துக்கொள்ளும் ஆட்டம் மட்டுமே கைவரும்.

2019-ஐ ஒட்டிய எந்த ஆண்டு என்பது சரியாக நினைவில்லாமல் போனாலும், ஹிரத்சுக்காவில் ஆடிய ஆட்டத்தின் ஒவ்வொரு கல்லும் எனக்கு நினைவிருக்கிறது. சோ சிக்குன், இஷிதா யோஷியோ, தக்கேமியா மசாக்கி, கோபயாஷி கோயிச்சி போன்ற பெரும் ஆட்டக்காரர்களின் ஆசிரியரான கித்தானி மினோரு, தம் வீட்டில் மாணவர்களை வைத்து வளர்த்த ஊர் அது. அவர் நினைவாக இலையுதிர் காலத்தில், ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவில் வரிசை வரிசையாக மேசைகளைப் போட்டு, தொழில்முறை ஆட்டக்காரர்கள் பொதுமக்களுடன் ஆயிரம் பலகைகளில் ஆடும் விழாவை நடத்துகிறார்கள். பெரியவருக்கு எதிராக அப்போது எனக்கு 3 கல். ஆகவே தொழில்முறை ஆட்டக்காரரிடம் 6 கல் கேட்டு வாங்கினேன். அவர் நடந்துகொண்டே ஆடினார். என் பலகைக்கு முன் நின்று மூன்று நொடிகள் பார்ப்பார், கல்லை வைப்பார், அடுத்த பலகைக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் எனக்குப் பல நிமிடங்கள் கிடைத்தன. 11 புள்ளிகளில் தோற்றேன். முடிந்ததும் அவர் என் வலப்பக்கக் கூட்டம் ஒன்றைச் சுட்டி, ‘இது முன்பே உயிரோடு இருந்தது, இங்கே ஒரு கல் கூடுதலாக வைத்தீர்கள்’ என்றார். அவ்வளவுதான் விமர்சனம். பயத்தினால் வைத்த அந்த ஒரு கல்லின் மதிப்பு ஏறத்தாழ தோல்வியின் வித்தியாசம்.

அந்தத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மேலும் ஏணி நீள்கிறது. 2018 ஜனவரியில் அன்றைய உலகின் முதன்மை ஆட்டக்காரர்களில் ஒருவரான கே ஜிய, டென்சென்ட் நிறுவனத்தின் ஃபைன் ஆர்ட் நிரலிடம் 2 கல் வாங்கி ஆடித் தோற்றார். கல் வாங்குவது சிறுமை என்று எண்ணி மன்றத்துக்கு வரத் தயங்கும் நண்பர்களிடம் நான் இந்த ஆட்டத்தைத்தான் சொல்கிறேன்.

வயதைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 40-ஐத் தாண்டிய பிறகு, நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆடும் ஆட்டங்களில், பத்துக் கற்களுக்கு மேல் வாசித்தால் நான்காவது கல் எங்கே வைத்தோம் என்பது மங்கிப்போகிறது. காலையில் அதே நிலையைப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே முக்கியமான ஆட்டங்களைச் சனிக்கிழமை முற்பகலுக்கு மாற்றிக்கொண்டேன். இன்னும் ஒரு தரம் உயர முடியும் என்று நம்புகிறேன்; அதற்கு மேல் வேண்டிய வாசிப்பு வேகம் எனக்கு வராது என்றும் நினைக்கிறேன். வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரத்தை ஒழுங்காகச் செலவிடும் ஒருவர், தொடங்கிய வயது 30 ஆனாலும் 40 ஆனாலும், நான்கைந்து ஆண்டுகளில் 1 டானை எட்டுவதற்குத் தடையேதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என்னுடன் மன்றத்தில் தேங்கி நின்ற பலரிடம் நான் கண்டது திறமைக் குறைவு அன்று. ஆட்டம் முடிந்தவுடன் கற்களைக் கலைத்துவிட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடும் அவசரம்.

பெரியவருக்கு இப்போது 80 வயதுக்கு மேல் ஆகிறது. நீண்ட சண்டைகளில் முன்பு போல் இறங்குவதில்லை. ஆனால் கல்லின் வடிவத்தைப் பார்த்தே எங்கே பலவீனம் என்பதைக் கண்டுகொள்ளும் திறன் சிறிதும் குறையவில்லை. சென்ற மாதம் சனிக்கிழமையன்று 2 கல் வைத்துக்கொண்டு ஆடினேன். நான்கு புள்ளிகளில் தோற்றேன். வழக்கம்போல் ஆட்டத்தை அடுக்கினோம். இப்போதெல்லாம் அடுக்குவது நான்தான். 58-ஆவது கல்லில் அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். ‘இதை ஏன் இங்கே வைத்தீர்கள்?’ என்றார். இடப்பக்கக் கூட்டத்துக்குத் துணையாகவும், மேல் மூலையில் பின்னால் நுழைவதற்கு வழியாகவும் வைத்தேன் என்று சொல்லி, நான் வாசித்திருந்த ஒன்பது கற்களையும் பலகையில் வைத்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். ஏழாவது கல்லை மட்டும் எடுத்து ஒரு புள்ளி தள்ளி வைத்து, ‘நான் இப்படி வைத்திருந்தால்?’ என்று கேட்டார். அந்தக் கல்லை நான் வாசித்திருக்கவில்லை. மன்றம் மூடும் நேரம் வரை அந்த மூலையைத்தான் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.